முப்பத்தேழாவது டெமோ

உலகத்தில் பாடுகிறவர்கள் உண்டு. பாடாமல் இருந்து நமக்கு நன்மை செய்கிறவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், எந்தப் பக்கமும் முழுதாகச் சேராமல், காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்கு டெமோக்காரர்கள் என்று பெயர். பெயர் நான் வைத்தது. அவர்களைக் கேட்டால், அது இன்னும் முடிவான பெயர் இல்லை என்பார்கள்.

டெமோ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டை முறையாகப் பதிவு செய்வதற்கு முன்னால், ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்று காட்டுவதற்காக, வீட்டிலேயே, கையில் கிடைத்ததை வைத்துக்கொண்டு, அரைகுறையாகப் பதிந்து வைப்பார்கள். அதுதான் டெமோ. வீடு கட்டுவதற்கு முன் தாளில் படம் போடுவார்கள் அல்லவா, அதைப் போல. டெமோக்காரர் அந்தத் தாளிலேயே குடியேறிவிட்டவர்.

இவர்களை அடையாளம் காண்பது எளிது. உங்கள் கைப்பேசிக்கு ஒரு பாட்டு வரும். பாட்டுக்கு முன்னால் நாலு செய்தி வரும். 'சும்மா டெமோதான்.' 'அன்றைக்குத் தொண்டை சரியில்லை.' 'ஹெட்போன் போட்டுக் கேட்கவும்.' 'ஹெட்போன் போட்டால் இரைச்சல் அதிகமாகத் தெரியும், போடாமல் கேட்கவும்.' நீங்கள் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று எழுதினால், 'டெமோவுக்கே இப்படி என்றால் ஒரிஜினல் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்' என்று பதில் வரும். சுமார்தான் என்று எழுதினால், 'அதுதான் டெமோ என்று முதலிலேயே சொன்னேனே' என்று வரும். பாராட்டினால் ஜெயித்தார், திட்டினாலும் தோற்கவில்லை. இதைவிடப் பாதுகாப்பான இடம் பூமியில் எங்கே இருக்கிறது?

எனக்கு இவ்வளவு விவரம் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்பது வருடமாக நான் ஒரு ராக் இசைக்குழுவின் மேனேஜர். இசை ஞானத்தைப் பார்த்துக் கொடுத்த பதவி இல்லை. என்னிடம் வேன் இருக்கிறது.

ஊர் மலேசியாவின் ஜோகூர் மாநிலத்தில் உள்ள பெக்கான் நானாஸ். குழுவின் பெயர் மூன்றாம் கியர். நாலாம் கியருக்கு ஏன் போகவில்லை என்று யாரும் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும். குழுவில் மூன்று பேர். கிட்டார் வாசித்து, பாட்டும் எழுதி, அதைப் பாடவும் செய்கிறவர் மதிவாணன். முப்பத்தெட்டு வயது. பக்கத்தில் செனாய் என்ற ஊரில், ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. நாள் முழுக்க சுவிட்சுகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். இவர் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து, சரி, சரி, சரி, சரியில்லை என்று பிரித்துப் போடுவார். அங்கே ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை 'சரி' சொல்கிற அதே மனிதர், வீட்டுக்கு வந்தால் தன்னுடைய பாட்டு ஒன்றுக்கு, ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட 'சரி' சொன்னதில்லை.

டிரம்ஸ் ரூபேந்திரன். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய்த் திரும்புகிறவன். அவன் பேச்சில் பாதி டிராபிக் ஜாமைப் பற்றி, மீதி தூக்கத்தைப் பற்றி. பேஸ் கிட்டார் லோஷினி. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள், முப்பத்தொரு வயது. மூவரில் நேரத்துக்கு வருகிறவள் அவள் ஒருத்திதான். மற்ற இரண்டு பேருக்காகக் காத்திருந்த நேரத்திலேயே நன்றாக வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

ஒலிப்பதிவுக் கூடம் என்பது மதிவாணன் வீட்டுப் பின்னறை. வீடு வரிசை வீடு, ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். எதிரொலி வராமல் இருக்க வேண்டும் என்று, அவர் மனைவி வாசுகியின் கல்யாணப் பட்டுச் சேலையை, தங்காக் ஊரில் மூன்று துணிக்கடை ஏறி இறங்கி எடுத்த சேலையை, சன்னலுக்குக் குறுக்கே மாட்டியிருப்பார்.

"ஏங்க, அந்தச் சேலைய நான் கட்டினது ஒரு தடவ," என்று வாசுகி சமையலறையிலிருந்து சொல்வாள். "உங்க சன்னல் கட்டினது நாப்பது தடவ."

கைப்பேசியை ரப்பர் சிலிப்பரின் வாருக்குள் செருகி நிறுத்தி வைப்பார்கள். அதுதான் மைக். வரிசை வீட்டில் டிரம்ஸ் வைத்தால் பக்கத்து வீடுகள் சும்மா விடாது என்பதால், ரூபேந்திரன் ஒரு பிஸ்கட் டின், ஒரு வாளி, ஒரு சோபா மெத்தை ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டு சமாளிப்பான். பதிவில் மின்விசிறியின் சத்தம் கேட்கக்கூடாது என்று அதை நிறுத்திவிடுவார்கள். ஆகவே எல்லாரும் வேர்த்து ஒழுகியபடி, மூச்சை அடக்கிக்கொண்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆரம்பிப்பார்கள். அந்த நேரம் பார்த்து தெருவில் ரொட்டிக்காரர் தன் ஹாரனை அழுத்திக்கொண்டு போவார், அவர் போனதும் எரிவாயு லாரி வரும், அது போனதும் கூரையில் பல்லி கத்தும். பல்லியைப் பற்றி எனக்குக் குறையில்லை. அது தாளம் தவறியதில்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. சிக்கலே மதிவாணனின் வலது கைதான். இரண்டாம் சரணத்தின் பாதியில் அது மேலே எழும்பும்.

"நிறுத்து, நிறுத்து. அந்த 'ழ' சரியா விழல. மொதல்லேருந்து."

மறுபடி ஆரம்பிப்பார்கள். மறுபடி கை. இப்படிப் பதினாலு தடவை ஆரம்பித்து, பதினாலு தடவை நிறுத்தி, கடைசியில் எல்லாரும் களைத்துப் போனதும், இருப்பதில் ஏதோ ஒன்றை எடுத்து, இரண்டாம் சரணத்தோடு ஓசையைக் குறைத்து மங்கவிட்டு, எனக்கு அனுப்பிவைப்பார். நாற்பத்திரண்டு டெமோ என் கைப்பேசியில் இருக்கிறது. ஒன்றில்கூட மூன்றாம் சரணம் இல்லை. எழுதவில்லையா என்று கேட்டால், எழுதியாகிவிட்டது, அதை ஒரிஜினலில் பாடிக்கொள்ளலாம் என்பார்.

அந்த ஒரிஜினலுக்காக ஜோகூர் பாருவில் ஒரு ஸ்டுடியோவை மூன்று தடவை ஏற்பாடு செய்தோம். முதல் தடவை அவருக்குச் சளி. இரண்டாம் தடவை கிட்டார் கம்பிக்குச் சளி, அதாவது புதுக் கம்பி இன்னும் படியவில்லையாம். மூன்றாம் தடவை வேனில் ஏறி உட்கார்ந்த பிறகு, பாட்டின் முதல் வார்த்தையை மாற்ற வேண்டும் போலிருக்கிறது என்று இறங்கிவிட்டார்.

இனி சுவருக்கு அந்தப் பக்கம்.

அங்கே பேச்சியம்மாள் என்று ஒரு பெண் இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். தனியாக இருக்கிறவள். அவளும் தொழிற்சாலை வேலைதான், ஆனால் வேறு தொழிற்சாலை, நைட் ஷிப்ட். மாலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், காலை எட்டு மணிக்குக் கொண்டுவந்து இறக்கிவிடும். வந்து, குளித்து, படுப்பாள். மற்ற நாட்களில் பிரச்சினை இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் படுக்கும் நேரமும் மூன்றாம் கியர் ஆரம்பிக்கும் நேரமும் ஒன்று. இவர்கள் பின்னறையும் அவள் படுக்கையறையும் ஒரே சுவர். ஒன்பது வருடமாக அவள் அந்தச் சுவரை அகப்பையால் தட்டி வந்தாள். ரூபேந்திரன் அதையும் தாளத்தில் சேர்த்துக்கொள்வான்.

முப்பத்தேழாவது டெமோ பதிவான அன்று அவள் அகப்பையோடு நிற்கவில்லை.

பாட்டு, பாலத்து ஜாமைப் பற்றியது. ரூபேந்திரனின் வாழ்க்கையைப் பார்த்து மதிவாணன் எழுதியது. 'முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, நடுவில் நான்' என்று ஆரம்பிக்கும். நாலாவது வரியில், கிட்டாரை நிறுத்தி, கண்ணை மூடி, குரலைத் தாழ்த்தி, 'எப்போது போய்ச் சேர்வேன்?' என்று உருகினார். ஒரு நொடி மௌனம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தெளிவாக, கணீரென்று பதில் வந்தது:

"இப்பவே போய்ச் சேரேன், யாரு வேணாங்கறா?"

ரூபேந்திரனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் கை நிற்கவில்லை. லோஷினியும் நிறுத்தவில்லை. மதிவாணன் மட்டும் இரண்டாம் சரணத்தின் பாதியில் வழக்கம்போலக் கையைத் தூக்கினார். அன்றைக்கு எல்லாருக்கும் பசி. இன்னொரு தடவை ஆரம்பிக்க ஆள் இல்லை. அப்படியே அனுப்பிவிட்டார், நாலு செய்தியோடு ஐந்தாவதாக, 'பக்கத்து வீட்டுக் குரலைப் பொருட்படுத்த வேண்டாம்' என்று சேர்த்திருந்தார்.

அதற்கு ஆறு மாதம் கழித்து லோஷினிக்கு மாற்றல் வந்தது. கடலைத் தாண்டி, கூச்சிங் கிளைக்கு. மார்ச்சில் கிளம்ப வேண்டும். செய்தியைச் சொன்னபோது மதிவாணன், "அதுக்குள்ள ஒரு பாட்ட முடிச்சிரலாம் லா," என்றார். லோஷினி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஏழு வருஷமா வாசிக்கிறேன். அங்க போயி பேண்ட்ல இருந்தேன்னு சொன்னா எங்க வாசிச்சேன்னு கேப்பாங்க. வாட்ஸ்அப்லன்னு சொல்லவா?"

அவர் கிட்டாரின் சாவியைத் திருகினார். சுருதி சரியாகத்தான் இருந்தது.

அந்த வாரம் லோஷினி யாரையும் கேட்கவில்லை. முப்பத்தேழாவது டெமோவை எடுத்து, குழுவின் பெயரில் ஒரு பக்கம் திறந்து, இணையத்தில் போட்டுவிட்டாள். பத்து நாளில் பதினோராயிரம் பேர் கேட்டார்கள். ஒன்பது வருடமாக எங்களைக் கேட்டவர்கள் நான், வாசுகி, பல்லி. எழுதப்பட்ட கருத்துகளை நான் ஒவ்வொன்றாக வாசித்தேன். கிட்டாரைப் பற்றி ஒரு வரி இல்லை. வரிகளைப் பற்றி இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். மற்றவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்வி: அந்த அக்கா யார்?

மதிவாணன் வேனைத் தேடிக்கொண்டு என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அது டெமோ. டெமோவ எப்படி வெளியில போடலாம்? அதுல என் 'ழ' பாத்தீங்களா?"

"பதினோராயிரம் பேருக்குப் பிடிச்சிருக்கே," என்றேன்.

"அவங்களுக்குப் பிடிச்சது திட்டு. பாட்டு இல்ல."

அந்தக் கோபம் நியாயமானதுதான் என்று எனக்கும் பட்டது. அவர் சும்மா இருக்கவில்லை. ஒரு மாலை, பேச்சியம்மாள் பஸ் ஏறிப் போன பிறகு, அதே பாட்டை, திட்டு இல்லாமல், 'ழ' சுத்தமாக விழும்படி மறுபடி பதிந்து போட்டார். அதிலும் இரண்டாம் சரணத்தோடு மங்கிவிடும். எண்பத்து நாலு பேர் கேட்டார்கள். ஒரே ஒரு கருத்து வந்தது. 'அக்கா எங்கே?'

அந்தச் சமயத்தில்தான் மூவார் என்ற ஊரிலிருந்து அழைப்பு வந்தது. ஆற்றோரமாக ஒரு பழைய மரச்சாமான் கிடங்கு. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஆறு சின்ன இசைக்குழுக்கள் வாசிக்கப் போகின்றன. நீங்களும் வாருங்கள், அந்த அக்காவையும் கட்டாயம் அழைத்து வாருங்கள் என்று ஏற்பாட்டாளர் எழுதியிருந்தார். அக்காவிடம் யார் போய்ச் சொல்வது? ரூபேந்திரன் தனக்குச் சொந்தமாக ஒரு உயிர்தான் இருக்கிறது என்றான். மேனேஜர் போகலாம் என்றார் மதிவாணன். நான் வேனுக்கு எண்ணெய் மாற்ற வேண்டும் என்றேன்.

யாரும் போக வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அவளே வந்தாள். நாங்கள் நாலு பேரும் கூடத்தில் இருந்தோம். கைலியும் கலைந்த தலையுமாக வாசலில் நின்று, கைப்பேசியை நீட்டினாள்.

"தம்பி, இதக் கொஞ்சம் போடு."

மதிவாணன் அழுத்தினார். லாரி, லாரி, நடுவில் நான். எப்போது போய்ச் சேர்வேன். இப்பவே போய்ச் சேரேன்.

"இது நான்தானே?"

"ஆமாக்கா. அது வந்து, சும்மா டெமோக்கா."

"நான் திட்டினதும் டெமோவா?"

ரூபேந்திரன் தரையைப் பார்த்தான். அவள் சத்தம் போடவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

"கம்பெனி கேன்டீன்ல போட்டுச் சிரிக்கிறாங்க. எங்க லைன் லீடர் மலாய்க்காரப் பொண்ணு, அதுக்குத் தமிழே தெரியாது, அதுகூட என்னப் பாத்து 'போய்ச் சேரேன், காக்'னு மலாய்ல அக்கா போட்டுச் சொல்லுது. எனக்குச் சிரிப்பு வரல தம்பி. நான் காலைல வந்து படுத்தா நாலு மணி நேரந்தான் தூக்கம். ஞாயித்துக்கெழம அதுவும் இல்ல, உங்க கச்சாவ், தொந்தரவு. போன மாசம் மிஷின்கிட்ட நின்னுக்கிட்டே கண்ணு சொக்கிருச்சு. கை உள்ள போயிருக்கும், பக்கத்துல இருந்தவ இழுத்தா. சூப்பர்வைசர் லெட்டர் குடுத்துட்டாரு. இன்னொரு லெட்டர் வந்தா வேல இல்ல. இதெல்லாம் உங்க பாட்டுல வருதா?"

வரவில்லை. ஒன்பது வருடம் நாங்கள் அந்தச் சுவரைச் சுவராக மட்டும்தான் நினைத்திருந்தோம்.

லோஷினிதான் எழுந்தாள். தன் கைப்பேசியை எடுத்து, பேச்சியம்மாள் கண் முன்னாலேயே பாட்டை நீக்கினாள்.

"எடுத்துட்டேன்க்கா. உங்களக் கேக்காம போட்டது என் தப்பு. இனிமே ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு முன்னாடி இங்க சத்தம் வராது."

அப்போது நான் மதிவாணனைப் பார்த்தேன். பதினோராயிரம் பேர் கேட்ட ஒரே பாட்டு போய்விட்டது. அந்த முகத்தில் துக்கம் இருந்ததா என்கிறீர்களா? பரீட்சையைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட மாணவனின் முகம் அது. டெமோக்காரரை முழுதாகப் புரிந்துகொள்ள வேண்டுமானால் இந்த நிம்மதியை ஒரு தடவை நேரில் பார்த்திருக்க வேண்டும்.

பேச்சியம்மாள் திரும்பப் போனாள். லோஷினி கூடவே வாசல் வரை போய், மூவார் சமாசாரத்தை மறைக்காமல் சொன்னாள். அவளை வைத்துத்தான் அழைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள்.

"நான் வந்து என்னா பண்ணணும்?"

"அதே வார்த்தைய மைக்ல சொல்லணும்க்கா. விருப்பம் இல்லன்னா வேணாம். நான் மார்ச்ல கூச்சிங் போறேன். ஒரு தடவயாச்சும் ஆளுங்க முன்னாடி வாசிச்சிட்டுப் போலாம்னு பாத்தேன்."

"கோவம் வராம எப்படித் திட்டறது?"

"அதுக்கு எங்க அண்ணன் இருக்காரு," என்றான் ரூபேந்திரன் உள்ளேயிருந்து. "நீங்க கவலைப்படாதீங்க."

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "மூவார்ல மீ பண்டோங், அந்த எறா போட்ட நூடுல்ஸ், நல்லா இருக்கும்னு சொல்வாங்க. நான் சாப்பிட்டதில்ல."

"ரெண்டு தட்டு வாங்கித் தர்றோம்க்கா," என்றாள் லோஷினி.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் காலை எட்டு மணிக்கு வேலையிலிருந்து வந்து, குளித்து, நீலச் சேலை கட்டி, பத்து மணிக்கெல்லாம் வேனில் ஏறிவிட்டாள். வேனிலேயே தூங்கிக்கொள்கிறேன் என்றாள். வழியில் பத்து பகாட் என்ற ஊரைத் தாண்டும்வரை தூங்க முயன்றாள். முன்னிருக்கையில் மதிவாணன் பாட்டைப் பழகிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு லாரி, பின்னால் ஒரு லாரி, நடுவில், என்று நிறுத்துவார். கனைப்பார். மறுபடி முன்னால் ஒரு லாரி. எங்களுக்கு முன்னால் நிஜமாகவே ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போகலாமா என்று நான் யோசித்ததுகூட அவர் வாயை மூடுவாரா என்பதற்காகத்தான். கண்ணாடியில் பார்த்தேன். பேச்சியம்மாள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிடங்கில் நூற்றைம்பது பேர் இருந்தார்கள். மரப்பலகைகளை அடுக்கி மேடை. மூன்றாவதாக எங்களைக் கூப்பிட்டார்கள். ரூபேந்திரன் நிஜமான டிரம்ஸைப் பார்த்து, வாளி கொண்டு வந்திருக்கலாமோ என்றான். மேடையின் இடது பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஒரு மைக் வைத்து, பேச்சியம்மாளை உட்காரவைத்தார்கள். அவளைப் பார்த்ததும் கூட்டம் கைதட்டியது. மதிவாணன் மைக் முன்னால் வந்து நின்றார். முகமெல்லாம் வேர்வை.

"எல்லாருக்கும் வணக்கம். மொதல்ல ஒன்னு சொல்லிக்கிறேன். இந்தப் பாட்டு இன்னும் முழுசா ரெடியாகல. தொண்டையும் நேத்துலேருந்து கொஞ்சம் சரியில்ல. கிட்டார் இரவல். எங்க டிரம்மருக்கு இந்த டிரம்ஸ் பழக்கம் இல்ல. இங்க எதிரொலி வேற கொஞ்சம் அதிகமா இருக்கு. அதனால இத நீங்க ஒரு டெமோ மாதிரி..."

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம் ஆகியிருந்தது. ஒருவருக்கு இருபது நிமிடம்தான். லோஷினி பேஸ் கிட்டாரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, எதிரில் இருந்த மரத்தூண் ஒன்றை வெறித்துப் பார்த்தபடி நின்றாள். மார்ச்சுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

"தம்பி," என்றது இன்னொரு மைக்.

பேச்சியம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்பே பேசி வைத்ததில் இல்லாத வசனம்.

"ஒன்பது வருஷமா சுவத்துக்கு அந்தப் பக்கம் படுத்துக்கிட்டு கேக்குறேன். ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காத. உன் பாட்டால எனக்குத் தூக்கம் கெடல. நல்லாத்தான் பாடுற. நீ பாதில நிறுத்துற பாரு, அதுதான் கெடுத்துச்சு. அடுத்த வரி வரும், வரும்னு முழிச்சிக்கிட்டே கெடப்பேன். வராது. திருப்பி மொதல்லேருந்து. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, முழுசா பாடி முடிச்சிருந்தின்னா, நான் பாட்டுக்குத் தூங்கியிருப்பேன்."

கூட்டம் சிரித்து ஓய ஒரு நிமிடம் ஆனது. மதிவாணன் சிரிக்கவில்லை. கிட்டாரின் வாரைத் தோளில் சரிசெய்தார். பிறகு ரூபேந்திரனைத் திரும்பிப் பார்த்து, தலையை மட்டும் அசைத்தார்.

ஆரம்பித்தார்கள். நிஜமான டிரம்ஸ், நிஜமான பேஸ். என் நெஞ்சுக்குள் ஏதோ நடந்தது என்று சொன்னால் மேனேஜருக்கு அழகில்லை, ஆகவே சொல்லவில்லை. நாலாவது வரி வந்தது. கிட்டார் நின்றது. எப்போது போய்ச் சேர்வேன்?

கூட்டம் முழுக்க இடது பக்கம் திரும்பியது. சில பேர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். ஒரு நொடி, இரண்டு நொடி.

பேச்சியம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கையில் பிடித்த மைக் மடியில் கிடக்க, பன்னிரண்டு மணி நேர ஷிப்டின் தூக்கத்தை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள். முன்வரிசையில் ஒருவன் சிரித்தான். பக்கத்திலிருந்த பெண் அவன் தோளில் ஒன்று வைத்தாள்.

மதிவாணனின் வலது கை கம்பியை விட்டு மேலே எழும்பியது. எனக்கு அந்தக் கையைத் தெரியும். லோஷினிக்கும் தெரியும். அவள் வாசிப்பை நிறுத்தவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு அதே இரண்டு சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தாள். கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. மெதுவாகக் கீழே இறங்கி, கம்பிக்குத் திரும்பியது.

குரல் மட்டும் தணிந்துவிட்டது. ரூபேந்திரன் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு விரல்நுனியால் தட்ட ஆரம்பித்தான். லோஷினி நகர்ந்து போய் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக மேடையேறிய ஒரு ராக் இசைக்குழு, யாரும் எழுந்துவிடக்கூடாதே என்று பயந்து பயந்து வாசித்தது. இரண்டாம் சரணம் பாதியைத் தாண்டியது. 'ழ' ஒன்று நொண்டியபடி போனது. அதை யாரும் பிடித்து வைக்கவில்லை. அப்புறம், ஒன்பது வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்டிராத மூன்றாம் சரணம் வந்தது.

'கதவைத் திறந்தேன், எல்லாரும் தூங்கிவிட்டார்கள். விளக்கை மட்டும் யாரோ எனக்கென்று விட்டிருந்தார்கள்.'

ரூபேந்திரன் தலையைக் குனிந்துகொண்டு தட்டினான். பாட்டு முடிந்தது. மங்கவில்லை, தேயவில்லை; கடைசிச் சுரம் விழுந்து, நின்று, முடிந்தது. நூற்றைம்பது பேரில் ஒருவர்கூடக் கைதட்டவில்லை. தட்டினால் அவள் எழுந்துவிடுவாள். கைகளை மேலே தூக்கி ஆட்டினார்கள். காற்றில் முந்நூறு கை. நான் வேன் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், மூக்குக்கண்ணாடியையும்.

அந்த அமைதியே அவளை எழுப்பிவிட்டது. திடுக்கிட்டு விழித்து, மைக்கைத் தேடி எடுத்தாள்.

"முடிஞ்சிருச்சா தம்பி?"

"முடிஞ்சிருச்சுக்கா," என்றார் மதிவாணன்.

அந்த மனிதர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பேச்சியம்மாள் மீ பண்டோங் இரண்டு தட்டு சாப்பிட்டாள், இறாலை எண்ணி. திரும்பும் வழி முழுக்கத் தூங்கினாள். யாரோ பிடித்த காணொளியை அவளிடம் காட்டி, சம்மதம் கேட்டு, லோஷினி வெளியிட்டாள். தன் குறட்டை கேட்கிறதா என்று மட்டும் அவள் விசாரித்தாள். கொஞ்சம் கேட்கிறது என்றோம். கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும், கேன்டீன்காரிகளுக்கு அது புரியும் என்றாள். லோஷினி சொன்ன தேதியில் கூச்சிங் போனாள். அங்கே ஒரு குழு அவளைச் சேர்த்துக்கொண்டதாம். எங்கே வாசித்தாய் என்று கேட்டதற்கு, மூவார் என்றாளாம்.

மதிவாணன் திருந்திவிட்டாரா? டெமோக்காரர்கள் திருந்துவதில்லை, கொஞ்சம் இடம் மாறி உட்காருவார்கள். போன வாரம் எனக்கு நாற்பத்து மூன்றாவது வந்தது. அதே நாலு செய்தி முன்னால் வந்தது. ஆனால் பாட்டில் மூன்று சரணமும் இருந்தது, பதிந்த நேரம் மாலை நாலே கால்.

இதையெல்லாம் படித்து, பாவம், இப்படியும் ஒரு மனிதரா என்று நீங்கள் சிரித்திருப்பீர்கள். உங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நீங்கள் பாடுவதில்லை, கிட்டாரைத் தொட்டதில்லை. நல்லது. ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன். வீட்டுக்கு விருந்தாளி வந்து, இலை போட்டு உட்கார்ந்த பிறகு, குழம்புக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு உப்பு கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும், அவசரத்துல வச்சது, புளியும் பழசு, வழக்கமா நல்லா வரும்" என்று நீங்கள் சொல்வது உண்டா?

பதில் சொல்ல வேண்டாம். அவர் பசியோடு உட்கார்ந்திருக்கிறார். ஊற்றுங்கள்.